நிலம் ஆடும் ஊருக்கு ஆள் கூட்டிப் போவது

முப்பது வருட யாத்திரைத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்தான் நான் பட்ட மிகப் பெரிய அவமானமும். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் மேனேஜர் கேட்டபோது, பத்ரிநாத்தில் பனியில் மாட்டிக்கொண்டு முப்பது பேரைக் காப்பாற்றிய கதையை எதிர்பார்த்திருப்பார். அப்படி ஒன்று நடக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் என் முழங்கால் ஓய்வு கேட்டது, கொடுத்துவிட்டேன். மற்றபடி வீர வரலாறு எதுவும் கிடையாது. பஸ்ஸுக்கு வாடகை பேசுவது, சமையல்காரரின் கோபத்தைத் தணிப்பது, எல்லோருக்கும் கீழ் பர்த் வாங்குவது எல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது அந்தக் கைதட்டலைப் பற்றி.

நேபாளத்தில் பூமி ஆடிய வருடம் அது. ஆடிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. முக்திநாத் யாத்திரைக்கு முப்பத்தோரு பேர் பதிவு செய்திருந்தார்கள். பெரும்பாலும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். வைணவர்களுக்கு நூற்றெட்டு திவ்ய தேசங்கள். அதில் இரண்டு இந்தப் பூமியில் இல்லை, அவற்றுக்கு நம் ஆபீசில் டிக்கெட் போடுவதில்லை. மீதி நூற்றாறில் முக்திநாத் மட்டும் நேபாளத்து மலை உச்சியில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கணக்கு முடியாது. அந்தக் கணக்கை முடிக்க நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் எழுபது வயதாகியிருக்கும்.

நம் அரசாங்கம் அப்போது நேபாளம் செல்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு அறிவுரை வெளியிட்டிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். நிலம் இன்னும் அவ்வப்போது ஆடுகிறது, மலைச்சாலைகள் சரிகின்றன, அவசரமில்லாத பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள், தங்கும் இடத்தில் வெளியே வரும் வழியை முதலிலேயே பார்த்து வையுங்கள், மருந்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், எங்கே இருப்பீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அவ்வளவுதான். பஸ் நிற்கும் நேரத்துக்குள் சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயம்.

நான் அதைத் தமிழில் எழுதினேன். எனக்குக் கொஞ்சம் இலக்கியப் பழக்கம் உண்டு. ஆபீசில் எல்லோருக்கும் அது தெரியும், நானே அடிக்கடி சொல்லியிருக்கிறேன். "நிலமகள் இன்னும் தன் நடுக்கம் நீங்காதிருப்பதால்" என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு என் பேனாவை யாராலும் பிடிக்க முடியவில்லை. "விரிசல் கண்ட மாடங்களின் நிழலில் ஒதுங்காதீர், விரிந்த வானே விதானமெனக் கொள்வீர்" என்றெல்லாம் எழுதினேன். கட்டடம் விழும், வெட்டவெளிக்கு ஓடுங்கள் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருந்தேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு கூட்டம் போட்டு, காபி கொடுத்து, என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று படித்துக் காட்டுவோம். ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். குரங்குக் குல்லா, கம்பளி சாக்ஸ், டார்ச் என்று படித்துக்கொண்டே வந்து, நடுவில் நிலமகளை எடுத்து, முடித்ததும் "ஊறுகாய் கொண்டுவர வேண்டாம், நம்மிடமே இருக்கிறது" என்று போய்விட்டேன். படித்து முடித்ததும் மண்டபம் கை தட்டியது. ரிட்டயரான தமிழ் வாத்தியார் ஒருவர் எழுந்து, "நல்ல நடை" என்றார். நான் தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். பிறகு கேள்விகள் வந்தன. தயிர் கிடைக்குமா? குளிக்க வெந்நீர் உண்டா? குதிரையில் போகும்போது பெண்கள் எப்படி உட்கார வேண்டும்? நிலமகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாவது வரிசையில் ஒருவர், வெள்ளை வேட்டி, நெற்றியில் பளிச்சென்று திருமண், "நம்ம ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். நான்கு என்றேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். "இன்னும் அதே நாலுதாங்க சார், மாத்தல" என்றேன். மண்டபம் சிரித்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவியும் சிரித்தார், ஒரு நொடி தாமதமாக. அந்த ஒரு நொடி என் கண்ணில் பட்டது. கைதட்டலில் மிதந்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆபீசில் சாதிக் பாயிடம் பெருமை பேசினேன். மலைக்கோட்டைக்குக் கீழே, இரண்டு ஜவுளிக்கடைகளுக்கு நடுவில் நம் பழைய ஆபீஸ் இருந்த காலம் அது. வளைகுடா டிக்கெட்டும் மக்காவுக்கான உம்ரா பயணமும் அவர் பொறுப்பு. என் வயதுதான், நாக்கு மட்டும் என்னைவிட மூத்தது.

"கூட்டம் எப்படி முருகேசு?"

"கை தட்டினாங்க பாய்."

"எதுக்கு?"

"கவர்மெண்ட் அறிவுரையை வாசிச்சேன்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பூமி ஆடும், வீடு விழும்னு சொன்னீங்க. அதுக்குக் கை தட்டினாங்களா?"

"தமிழ் அப்படி இருந்துச்சு."

"யாராச்சும் பேரை வாபஸ் வாங்கினாங்களா?"

"இல்ல."

"யாராச்சும் பயந்தாங்களா?"

"இல்ல பாய்."

"அப்ப நீங்க சொல்லவே இல்ல. கச்சேரி பண்ணிட்டு வந்திருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. "உம்ராவுக்கு ஆளு அனுப்புறதுக்கு முன்னால நான் வீட்டுக்குப் போயிருவேன் தெரியுமா? ஆபீசுக்கு வந்தா எல்லாரும் தெம்பாத்தான் இருப்பாங்க, சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு வருவாங்க. வீட்டுல போய் ஒரு தண்ணி வாங்கிக் குடிச்சாத்தான் யாரு எதைப் புடிச்சுக்கிட்டு எழுந்திருக்கிறாங்கன்னு தெரியும். போய்ப் பாருங்க. தமிழை இங்கயே வச்சிட்டுப் போங்க."

போனேன். ஸ்ரீரங்கம், உறையூர், தில்லைநகர் என்று டவுன் பஸ்ஸில் ஒன்பது நாள். முப்பத்தோரு பேர், இருபது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் மூன்றே கேள்விகள். நிலம் ஆடினால் யாரும் பிடித்துக் கூட்டிப் போகாமல் நீங்களே வெளியே வந்துவிடுவீர்களா? வழி அடைத்து ஐந்து நாள் அங்கேயே இருக்க நேர்ந்தால் மருந்து இருக்குமா? நாங்கள் போன் செய்தால் இங்கே யார் எடுப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குத்தான் பலர் நெடுநேரம் யோசித்தார்கள்.

பன்னிரண்டாவது வீடு அம்மா மண்டபம் சாலையில், முதல் மாடியில் ஒரு ஃபிளாட். கதவைத் திறந்தவர் நான்கு மணி ரயில்காரர். பெயர் ரங்கராஜன். ரயில்வேயில் வண்டிகளுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"வாங்கோ வாங்கோ, உக்காருங்கோ. வெயில்ல வந்திருக்கேளே!"

அவர் மனைவி கோமளா மாமி மோர் கொண்டு வந்தார். முதல் கேள்வியைக் கேட்டேன். "பேஷா வருவார், நித்யம் ரெண்டு மைல் நடக்கறவர்" என்று மாமி முந்திக்கொண்டார். மருந்தைப் பற்றிக் கேட்டபோது, நாற்பது வருடப் பழக்கத்தில், "ஏன்னா, அந்த மாத்திரை டப்பாவை எடுத்துண்டு வாங்கோளேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன மறுகணம் மாமியின் முகம் மாறியது. ரங்கராஜன் சார் அதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டிருந்தார்.

காத்திருந்தோம். மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ரங்கராஜன் சார் கையில் ஒரு குடையோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்கோ வாங்கோ, உக்காருங்கோ. எப்ப வந்தேள்? வெயில்ல வந்திருக்கேளே!"

நான் எழுந்து நின்று, வணக்கம் சொல்லி, மறுபடி உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

சமையலறை வாசலில் நின்று மாமி தாழ்ந்த குரலில் பேசினார். "நீங்க கண்டுபிடிச்சுட்டேள். ஒரு வருஷமா இப்படித்தான். டாக்டர், இனிமே கூடிண்டேதான் போகும்னுட்டார். நூத்தஞ்சு சேவிச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. இப்போ போனா எங்க நிக்கறோம்னு தெரிஞ்சு நிப்பார். அடுத்த வருஷம்னா எங்க அழைச்சுண்டு போனாலும் அவருக்கு ஒண்ணுதான். யார்கிட்டயும் சொல்லிடாதேங்கோ. கைய விடாம நான் பாத்துக்கறேன்."

என் கண்ணுக்குள் வேறு காட்சி ஓடியது. லாட்ஜ் ஆடுகிறது. எல்லோரும் வாசலைப் பார்த்து ஓடுகிறார்கள். இவர் நடைவழியில் நின்றுகொண்டு, ஓடி வருகிற ஒவ்வொருவரையும் "வாங்கோ வாங்கோ, உக்காருங்கோ" என்று வரவேற்கிறார்.

"இப்ப வேண்டாம் மாமி" என்றேன்.

"இப்ப இல்லேன்னா எப்போ?"

"போகலாம்னு கவர்மெண்ட் சொன்னதும் முதல் டிக்கெட் உங்களுக்குத்தான்."

"அதுவரைக்கும் இவர் இவரா இருக்கணுமே" என்றார். திட்டவில்லை, அழவில்லை. கிளாஸில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார். அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீடு வீடாகப் போனதில் பதினோரு பேர் தாங்களாகவே விலகினார்கள். மற்றவர்கள் போயே தீருவோம் என்றார்கள். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நாமெல்லோரும் சேர்ந்து தள்ளிப்போடுவோம் என்று சொல்லிவிட்டேன். இங்கே ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொன்னது சரியென்று நிரூபிக்க எதுவுமே நடக்கவில்லை. போயே தீருவோம் என்றவர்களில் சிலர் நம்மை விட்டுவிட்டு வேறொருவரோடு அதே மாதம் போனார்கள். மலை சரியவில்லை, நிலம் ஆடவில்லை. சுகமாகத் திரும்பி வந்து வீடு வீடாகப் பிரசாதம் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள், ஒரு புன்னகையோடு. நம்மோடு காத்திருந்த தமிழ் வாத்தியார்கூட, "ரொம்ப பயந்துட்டீங்க போல" என்றார். 'வேண்டாம்' என்று சொல்பவனுக்குச் சாட்சி கிடைப்பதில்லை. அவன் தடுத்த விபத்து ஒருபோதும் வந்து கையெழுத்துப் போடாது. அவன் பறித்த மாதங்கள் மட்டும் ஒருவர் வீட்டில் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கும். அந்த மாதங்களில் அம்மா மண்டபம் சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறாமல் சுற்றிக்கொண்டு போனவன் நான்.

ஏழு மாதம் கழித்து மாமியே போன் செய்தார். "கவர்மெண்ட்ல மாத்தி எழுதிட்டாளாமே. எச்சரிக்கையோட போகலாம்னு போட்டிருக்காளாம். ஆத்துக்கு வாங்கோ, ஒண்ணு காட்டணும்."

போனேன். "வாங்கோ வாங்கோ" உண்டு, ஆனால் நான் யாரென்று ரங்கராஜன் சாருக்குத் துளியும் தெரியவில்லை. மகள் பெயரும் மறந்துவிட்டதாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மாமி உள்ளே போய், எவர்சில்வர் டம்ளர்கள் அடுக்கிய தட்டைப் பிடித்துக் கடகடவென்று ஆட்டினார்.

ரங்கராஜன் சார் பேச்சைப் பாதியில் நிறுத்தி எழுந்தார். செருப்பைப் போட்டார். கதவுக் கொக்கியில் தொங்கிய மஞ்சள் பையைத் தோளில் மாட்டினார். சுவரோரமாகப் படியிறங்கி, பக்கத்துக் காலி மனையின் நடுவில் போய் நின்றார். நான் காபி டம்ளரும் கையுமாகப் பின்னாலேயே ஓடினேன்.

"இப்ப என்ன சார் பண்ணணும்?" என்று கேட்டேன்.

"கோமளா வர வரைக்கும் நகரப்டாது" என்றார், பாடம் ஒப்பிப்பதுபோல.

மாமி மெதுவாக இறங்கி வந்தார். "பேரெல்லாம் மறந்துடறார். ஆனா மூணு வேளையும் சந்தியாவந்தனம் பண்றதுல ஒரு பிசகு கிடையாது. ஜலத்தைத் தொட்டா மந்திரம் தானா வரது. சரி, தலைக்குத்தான் மறதி, கைக்கு இல்லேன்னு புரிஞ்சுது. அதனால சாயரட்சை சந்தி முடிஞ்சதும் இதையும் சேர்த்துட்டேன். பையில மாத்திரை, விலாசம் எல்லாம் போட்டு வச்சிருக்கேன். ஏழு மாசமா ஒரு நாள் விடலை. கீழாத்துல எனக்குத்தான் சித்தம் கலங்கிடுத்துன்னு பேசிக்கறா."

நான் அலங்காரமாக எழுதி, கைதட்டல் வாங்கி, மறந்தே போன அறிவுரையை ஒரு மனுஷி தட்டும் டம்ளருமாக நிறைவேற்றிக் காட்டியிருந்தார். இந்தத் தொழிலில் எனக்குப் பாதுகாப்பு என்றால் என்னவென்று புரிந்தது அந்தக் காலி மனையில்தான், கையில் ஆறிப்போன காபியோடு.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். கூட வருகிறவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும். மாமிக்கு அது கசந்தது. இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை. பிறகு அடுத்த கூட்டத்தில் தானே எழுந்து நின்றார். "இவருக்கு ஞாபகம் நழுவறது. தனியா நின்னுண்டிருந்தா என்கிட்ட கொண்டு வந்து விட்டுடுங்கோ" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை.  அப்புறம் ஒருவர் தனக்கு இதயத்தில் கருவி வைத்திருப்பதைச் சொன்னார். ஒரு அம்மாள் இருட்டில் தனக்குப் படி தெரியாது என்றார். தமிழ் வாத்தியார் எழுந்து, தனக்கு இடது காது கேட்காது என்றும், போன கூட்டத்தில் நான் படித்ததில் பாதிதான் விழுந்தது என்றும் சொன்னார். அந்தப் பாதிக்குத்தான் நடையைப் புகழ்ந்திருக்கிறார். அன்று ஒரு மணி நேரம் எல்லோரும் கேள்வி கேட்டார்கள். தயிரைப் பற்றி யாரும் பேசவில்லை.

பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். முக்திநாத்தில் பனிக்காற்று முகத்தை அறுத்தது. சன்னிதியில் மாமி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "எங்க வந்திருக்கோம், சொல்லுங்கோ பாப்போம்" என்று கேட்டார். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ரொம்ப யோசித்தார்.

"குளிர்ற எடம்" என்றார்.

மாமி தலையாட்டினார். "ஆமாம். குளிர்ற எடம்தான்." பிறகு அவருக்கும் சேர்த்துத் தானே சேவித்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏழு மாதம் முன்பு கூட்டி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. இன்று வரைக்கும் தெரியாது. இந்த வேலையில் அப்படிச் சில கேள்விகளைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

கீழே இறங்கி ஜோம்சோம் என்ற ஊரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் பகல் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்திருந்தார்கள். ரங்கராஜன் சாரும் தூங்கிவிட்டார். மாமி வாசல் பக்கம் துணி உலர்த்தப் போனார். மூன்று நாள் கழித்துக் கிடைத்த ஒரு வாளி வெந்நீரோடு நான் குளியலறைக்குள் நுழைந்தேன்.

முதல் குவளை ஊற்றினேன். வாளியில் இருந்த தண்ணீர் தானாகவே தளும்பியது. ஜன்னல் கண்ணாடி படபடவென்று அடித்தது. சில விநாடிகள்தான் இருக்கும். எனக்கு அது நெடுநேரமாகத் தெரிந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். முற்றத்தில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். எண்ணினேன். பதினாறு. மறுபடி எண்ணினேன். பதினாறு.

மாமி அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார்.  "கட்டில்ல இல்லே. நான் ரெண்டு நிமிஷம்தான் போனேன். ரெண்டே நிமிஷம்."

நடைவழி, மாடிப்படி, சமையற்கட்டு எல்லாம் பார்த்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் "வாங்கோ வாங்கோ" என்ற குரல் கேட்காதா என்று காது ஏங்கியது. சுவரில் புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. அப்போது மாமி சட்டென்று நின்று, "வந்தன்னிக்கே ஒரு எடம் காட்டினேன்" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் ஓடினார். எழுபது வயது மாமி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நானும் பின்னால் ஓடினேன்.

லாட்ஜுக்குப் பின்னால் அறுவடை முடிந்த ஒரு வயல். அதன் நட்டநடுவில், எந்தச் சுவருக்கும் எட்டாத தூரத்தில் ரங்கராஜன் சார் நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பு. தோளில் சால்வையும் மஞ்சள் பையும். காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது, அவர் நகரவில்லை. மாமி போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.  அவர் மாமியின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

நான் மூச்சிரைக்க அவர்கள் எதிரில் போய் நின்றேன். வெறுங்கால், இடுப்பில் ஈரத் துண்டு, தலையிலிருந்து சொட்டும் தண்ணீர், குளிரில் தாளம் போடும் பல். பதினெட்டுப் பேர் நம்பி வந்த யாத்திரைப் பொறுப்பாளர்.

ரங்கராஜன் சார் என்னை மேலிருந்து கீழ் வரை இரக்கத்தோடு பார்த்தார். தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, என் காதில் விழக்கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"பாவம், யாரோட வந்தார்னு விசாரி. கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்."